இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா



நீண்ட பதிவு. ஒரு கட்டிலைப் பற்றியது. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் பதினோராம் தரத்துக்குக் கைத்தொழில் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் முதலாவது பாடம். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு வருவதற்குள் பின்வாங்கில் ஒருவன் மேசையில் தலையை வைத்து நல்ல நித்திரை. அது முதல் தடவையும் அல்ல. எழுப்பி, இப்போது நினைத்தால் வெட்கப்படும்படி இரண்டு வார்த்தை பேசியும் விட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் வகுப்புத் தலைவன் வந்தான். "சேர், அவன் ராவில எழும்பி அப்பாவைப் பிரட்டிப் போடுறவன். அதுதான் நித்திரை கொள்றான்."

அந்தச் சனிக்கிழமை முள்ளிவாய்க்காலில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களுக்கு சுன்னத். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனது குற்ற உணர்ச்சிதான். எழுதச் சம்மதித்தார்கள், பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

முன்அறையில் ஒரு மின்சாரக் கட்டில். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் ஒருவர் காசு அனுப்பி, கொழும்பிலிருந்து எடுத்தது. அதில் அந்த மனிதர் படுத்திருந்தார். 2009 ஏப்ரலில் முதுகில் செல் துண்டு பட்டு நாரிக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனவர். அன்று அவருக்கு 27 வயது. மகனுக்கு மூன்று மாதம். என்னைக் கண்டதும் றிமோட்டை அழுத்தி, தலைப்பக்கத்தை உயர்த்தி, நிமிர்ந்து இருந்து, "வாங்கோ சேர்" என்றார். ஒரு மனிதர் தன்னைப் பார்க்க வந்தவரை இருந்தபடி வரவேற்பதற்கு ஒரு மோட்டர் உதவுகிறது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

எனக்கு ஒரு குழப்பம். இவ்வளவு பெரிய கட்டில் இருக்கும்போது மகன் ஏன் இரவில் எழும்ப வேண்டும்? கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "சேர், உது தலையைத் தூக்கும், முழங்காலைத் தூக்கும், முழுக்கட்டிலையும் மேலயும் கீழயும் ஏத்தி இறக்கும். ஆளைப் பிரட்டாது. பத்துக்கும் பன்ரண்டுக்கும் நான் பிரட்டுவன். ரெண்டுக்கும் நாலுக்கும் அவன்."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு பொருளைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியாது. கட்டிலைப் பற்றித் தேடினேன்.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் தலைப்பக்கம் உயரும் கட்டிலை 'ஃபவுலர் கட்டில்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கம்பனியின் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ஜோர்ஜ் ரையர்சன் ஃபவுலர், நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர். அந்தக் காலத்தில் குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவினால் பெரும்பாலும் மரணம்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதுவும் இல்லை. மட்டமாகப் படுத்திருக்கும்போது சீழ் மேல்வயிற்றுப் பக்கமாகப் பரவி இரத்தத்தில் கலக்கிறது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் அது கீழே இடுப்புக்குழிக்குள் வடியும், அங்கே ஆபத்துக் குறைவு என்று 1900இல் அவர் எழுதினார். மருந்து இல்லாத இடத்தில் உடம்பின் சரிவையே மருந்தாக்கிய மனிதர். 1906இல் அவரும் குடல்வால் நோயிலேயே இறந்தார் என்பது வேறு கதை.

ஆனால் அப்போதிருந்த கட்டில்கள் மடங்காதவை. தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினால் நோயாளி கால்பக்கம் வழுக்கிக்கொண்டு வருவார். தாதியர் தூக்கி மேலே போட வேண்டும். அரை மணியில் திரும்பவும் வழுக்குவார். வில்லிஸ் கச் என்ற இளம் வைத்தியர் 1909இல் இதற்கு ஒரு வழி கண்டார். கட்டிலின் சட்டத்தை மூன்று துண்டாக்கி, தலைப்பக்கமும் முழங்கால் பக்கமும் தனித்தனியே மடியும்படி செய்தார். முழங்கால் உயர்ந்தால் உடம்பு வழுக்காது. கைபிடியைச் சுற்றினால் மடியும். நாங்கள் சின்ன வயதில் வாட்டில் பார்த்த, கால்மாட்டில் கைபிடி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டில் அவருடைய யோசனையின் பேரப்பிள்ளை. 1950களில் அமெரிக்காவில் கைபிடியின் இடத்தை மோட்டர் எடுத்தது. மிச்சமெல்லாம் அதன் திருத்தங்கள்தான்.

இதில் ஒரு விஷயத்தை வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்துமுன் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பலர் நேராகத் தலைப்பக்கத்தைத்தான் தூக்குகிறார்கள். அப்போது தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே வழுக்குகிறது. நடுவில் இருக்கும் சின்ன இரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கிழிகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று நாளில் வாலெலும்புக்கு மேலே ஒரு சிவப்பு. பிறகு கறுப்பு. பிறகு குழி.

படுக்கைப்புண்ணைப் பார்க்காதவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது கஷ்டம். நித்திரையிலும் நாங்கள் பிரண்டுகொண்டே இருக்கிறோம். ஒரு பக்கம் அழுத்தினால் நரம்பு சொல்லும், உடம்பு திரும்பும். முள்ளந்தண்டு வடம் அறுந்தவருக்கு அந்தச் செய்தி போகாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல், சில மணித்தியாலத்தில் உள்ளே சாகத் தொடங்கும். வலியும் இல்லை. வலிக்காததுதான் அதன் கொடுமை. அந்தப் புண்ணில் கிருமி போய், எலும்புக்கு ஏறி, இரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்ட படையினரில் பெரும்பாலானோர் காயத்தால் சாகவில்லை. படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் செத்தார்கள். 'இவர்களைக் காப்பாற்ற முடியாது' என்பது அன்றைய மருத்துவத்தின் பொதுக் கருத்து. அந்தக் கருத்தை உடைத்தவர் லுட்விக் குட்மன். ஜேர்மனியில் இருந்த யூத வைத்தியர். நாஸிகளிடமிருந்து தப்பி 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்த அகதி. 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் முள்ளந்தண்டு காயப்பட்டோருக்கான பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார். அவர் செய்தது என்ன? புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. இயந்திரம் கொண்டுவரவில்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் பிரட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். இரவில் தானே விடுதிகளைச் சுற்றி வந்து, பிரட்டுகிறார்களா என்று பார்த்தார். சாகப் போகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948 யூலை 29இல் அவர்களில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து வில் எய்து போட்டியிட்டார்கள். இன்றைய பரா ஒலிம்பிக்கின் தொடக்கம் அதுதான்.

1939இலேயே அமெரிக்காவில் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்பு வைத்தியர், நோயாளியை இரண்டு சட்டங்களுக்கு நடுவில் வைத்துக் குப்புறத் திருப்பும் ஒரு கட்டிலைச் செய்திருந்தார். ஆளைப் பக்கவாட்டில் சரிக்கும் மின்சாரக் கட்டில்களும் இன்று உண்டு. விலை கேட்டால் எங்களுக்குத் தலை சுற்றும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வருபவை அவையல்ல. தலை, முழங்கால், உயரம் என்ற மூன்றோடு நிற்கும் கட்டில்கள்தான். குட்மனின் அந்த இரவுச் சுற்றை இன்னும் ஒரு மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி முள்ளிவாய்க்காலுக்கு வருகிறேன்.

அந்த நாட்களில் நான் அங்கே இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து எங்களை வெளியேற்றியபோது நான் சின்னப் பிள்ளை. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனது மட்டும் ஞாபகம். 2009இல் புத்தளத்தில் இருந்தபடி, பிறந்த மாவட்டத்தில் நடப்பதை வானொலியில் கேட்டேன். ஆகவே கீழே எழுதுவது வாசித்ததும் கேட்டதும் மட்டுமே. கண்டதாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வன்னி ஆஸ்பத்திரிகளுக்குத் தேசிய மின்சாரம் நெடுங்காலம் இல்லை. ஜெனரேற்றர்தான், அதற்கும் எண்ணெய்க்குத் தடை. ஆகவே மின்சாரக் கட்டில் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கைபிடிக் கட்டிலே பெரிய விஷயம். 2009 தொடங்கும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகள் இரண்டும் சொந்தக் கட்டடத்தில் இல்லை. தர்மபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு நகர்விலும் எத்தனை கட்டிலை லொறியில் ஏற்ற முடியும்? நோயாளரை ஏற்றவே இடம் போதாது. பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் 500க்கும் மேற்பட்ட நோயாளர் இருந்தபோது அதன் மேல் திரும்பத் திரும்ப செல் விழுந்தது. குறைந்தது ஒன்பது பேர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் அப்போதே அறிவித்தது. அதையும் விட்டு எல்லோரும் கரைக்குப் போனார்கள்.

புதுமாத்தளனில் வைத்தியசாலை இயங்கியது ஒரு பாடசாலையில். ஆசிரியனாக இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை. வகுப்பறை விடுதியானது. வராந்தா விடுதியானது. அதுவும் நிறைந்து மரநிழலும் தரப்பாளும் விடுதியாயின. ஏப்ரல் 20க்குப் பிறகு அங்கும் இருக்க முடியாமல் முள்ளிவாய்க்காலுக்கு வந்தார்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகிய வைத்தியர்களும் அவர்களோடு நின்ற தாதியரும் தொண்டர்களும் மயக்க மருந்தும் கட்டுத்துணியும் தீர்ந்த நிலையில் வேலை செய்தார்கள். நோயாளர் தரையில். பாய் கிடைத்தவருக்குப் பாய். மே நடுப்பகுதியில் அந்தக் கடைசி வைத்தியசாலையும் கைவிடப்பட்டது.

பாடசாலை ஆஸ்பத்திரியாவது பற்றி யோசிக்கும்போது எனக்கு ருஃபைதா (ரழி) அவர்களின் ஞாபகம் வரும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ் யுத்தத்தில் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்குக் கையில் அம்பு பட்டு நரம்பு அறுந்தது. மதீனாவில் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்து அவரைக் கிடத்தினார்கள். கிட்ட இருந்தால் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி வந்து பார்க்கலாம் என்பதற்காக. ருஃபைதா அந்தக் கூடாரத்தில் காயப்பட்டவர்களைப் பராமரித்தவர். படிக்கிற இடத்திலும் தொழுகிற இடத்திலும் காயப்பட்டவரைக் கிடத்துவது பழைய வழக்கம். ஆனால் மதீனாவில் அந்தக் கூடாரத்தின் மேல் யாரும் அம்பு விடவில்லை.

அந்த அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காயம் பட்டோடன ரெண்டு பேர் தூக்கப் பாத்தவை. ஒரு நேர்ஸ் பிள்ளை கத்தினா, 'மடிக்காதேங்கோ, நடு மடிஞ்சா முடிஞ்சுது' எண்டு. ஒரு கதவுப் பலகையில உருட்டி ஏத்தினது. ஆஸ்பத்திரியில உள்ளுக்கு இடமில்லை. வெளிய மணலில படங்கு விரிச்சுக் கிடத்தினம். அந்தப் பிள்ளைதான் சொன்னவ, 'அக்கா, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிரட்டுங்கோ, இல்லாட்டி புண் வந்துடும்'. மணிக்கூடு ஆரிட்ட இருக்கு? பிள்ளை பாலுக்கு அழுற நேரமெல்லாம் அவரையும் பிரட்டினன். சாப்பாடு குடுக்கேக்க தலையை உயத்த வேணும், இல்லாட்டிப் புரைக்கேறும். படங்குக்குக் கீழ மண்ணைக் குவிச்சு தலைப்பக்கம் ஏத்துவன். முடிய மண்ணை இழுத்துச் சமப்படுத்துவன். முழங்காலுக்குக் கீழயும் அப்பிடித்தான். நாரிக்குக் கீழ மண்ணைத் தோண்டி ஒரு பள்ளம் விடுவன், எலும்பு அமராமல்."

நான் கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தலை, முழங்கால், நாரி. கச் 1909இல் இரும்பில் செய்ததை இந்தப் பெண், அவருடைய பெயரையும் கேள்விப்படாமல், செல்லடிக்குள் கடற்கரை மணலில் செய்திருக்கிறார். அழுத்தம் விழும் இடத்தில் பள்ளம் விடுவது காற்று மெத்தையின் தத்துவம். இதற்கு மேலே நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

2009 பெப்ரவரி 10இலிருந்து மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கப்பல் மூலம் நோயாளரும் துணைக்கு வந்தோருமாகச் சுமார் 14,000 பேரைக் கரையிலிருந்து ஏற்றியது. கப்பல் கரைக்குக் கிட்ட வர முடியாது. மீன்பிடி வள்ளங்களில் கிடத்தி, கடலுக்குள் கொண்டுபோய், ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏற்ற வேண்டும். முதலில் திருகோணமலைக்கும், மார்ச்சிலிருந்து புல்மோட்டைக்கும் போயின. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று கள வைத்தியசாலை அமைத்திருந்தது. முஸ்லிம் மக்கள் நெருக்கமாக வாழும் அந்தக் கரையில்தான் இவரும் ஏப்ரல் கடைசியில் இறங்கினார். "ஒன்பது நாள் மணலில கிடந்தவர், ஒரு புண் இல்லை" என்று அம்மா சொன்னபோது அவருடைய குரலில் பெருமை இருந்தது. இருக்கத்தானே வேண்டும். மே 9க்குப் பிறகு கப்பல் வரவில்லை. அதற்குப் பிறகும் அந்த மணலில் ஆட்கள் கிடந்தார்கள்.

புண் வந்தது யுத்தம் முடிந்த பிறகு. இது பலருக்குத் தெரியாது. ஓர் ஆஸ்பத்திரியில், கட்டிலும் மெத்தையும் இருந்த இடத்தில், ஆட்கள் நிறைந்து தாதியருக்கு நேரமில்லாமல், துணைக்கு நிற்கும் மனைவியையும் இரவில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் வாலெலும்பில் முட்டை அளவு குழி. ஆற ஒன்றரை வருடம் எடுத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நிலைமை அப்படி. ஆனால் எனக்கு விளங்கியது, கட்டில் இருப்பதும் பராமரிப்பு இருப்பதும் ஒன்றல்ல.

மின்சாரக் கட்டில் உண்மையில் எதற்கு உதவுகிறது என்று அந்த வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதலாவது, உயரம். அம்மா அவரைத் துடைக்கும்போதும் பிரட்டும்போதும் கட்டிலைத் தன் இடுப்பளவுக்கு ஏற்றுகிறார். பதினாறு வருடம் குனிந்து தூக்கிய நாரி அவருடையது. சக்கர நாற்காலிக்கு மாறும்போது இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் தன் கைப்பலத்தால் வழுக்கி மாறுகிறார், ஒருவரும் தூக்குவதில்லை. இரவில் கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள். விழுந்தாலும் பெரிய அடி படாது. இரண்டாவது, சாப்பாடும் மூச்சும். நிமிர்ந்து இருந்து சாப்பிட்டால் புரைக்கேறி நெஞ்சில் சளி கட்டும் ஆபத்துக் குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் சுவாச இயந்திரம் பூட்டியவர்களை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பது இதனால்தான். மூன்றாவதை நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். வந்தவரை இருந்து வரவேற்கலாம்.

பயமும் உண்டு. கரையில் இருக்கும் இரும்புத் தடுப்பு விழாமல் காப்பதற்கு. ஆனால் அந்தத் தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கழுத்தோ நெஞ்சோ அகப்பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 1985 முதல் 2009 தொடக்கம் வரை வந்த முறைப்பாடுகள் 803. அதில் இறந்தவர்கள் 480 பேர். பெரும்பாலும் வயோதிபரும் நினைவு தடுமாறியவர்களும். கட்டிலுக்குரிய அளவில் இல்லாத மெத்தையைப் போட்டால் அந்த இடைவெளி பெருக்கும். எங்கள் ஊரில் கட்டில் ஒரு இடத்திலிருந்தும் மெத்தை இன்னொரு இடத்திலிருந்தும் வருவது வழக்கம். ஆகவே கையை விட்டுப் பாருங்கள். உங்கள் முஷ்டி தாராளமாகப் போய் வந்தால் அந்த இடைவெளியை அடையுங்கள். றிமோட்டைப் பிள்ளைகள் விளையாடாத இடத்தில் மாட்டுங்கள். கட்டிலை இறக்குமுன் கீழே ஒரு பூனையோ பிள்ளையோ இல்லை என்று குனிந்து பாருங்கள்.

அடுத்தது கரண்ட். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அது விசிறி இல்லாத இரவு. அந்த வீட்டில் ஒரு நாள் தலைப்பக்கம் உயர்ந்து நிற்கும்போதே கரண்ட் போய்விட்டது. அவர்களுடைய கட்டிலில் பற்றரி இல்லை. கையால் சுற்றி இறக்கும் வழியும் இல்லை. வாங்கும்போது யாரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. பதின்மூன்று வயது மகனும் தாயும் அவரை இறக்கித் தரையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டதே, நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்று அந்த வீட்டில் காற்று மெத்தையின் பம்பு நின்று, மெத்தை மெதுவாகக் காற்று இறங்கி, அவர் இரும்புத் தகட்டின் மேல் கிடந்தார். அவருக்குத் தெரியாது, உணர்வு இல்லையே. அம்மா கையை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து காற்று மெத்தைக்குக் கீழே எப்போதும் ஒரு தடித்த பஞ்சு மெத்தை கிடக்கிறது.

ஆகவே, வெளிநாட்டில் இருந்து 'ஊரில் ஒரு பாதிக்கப்பட்டவருக்கு மின்சாரக் கட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும்' என்று நினைக்கும் சகோதரர்களுக்கு. நல்ல நிய்யத், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். ஆனால் காசு அனுப்பிப் படம் எடுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள். பற்றரி இருக்கிறதா? கரண்ட் இல்லாதபோது கையால் இறக்க முடியுமா? பழுதானால் வன்னிக்கு வந்து திருத்த ஆள் உண்டா? மெத்தை கட்டிலின் அளவா? அந்த வீட்டின் கதவால் கட்டில் போகுமா? இதையும் கேளுங்கள், இரவில் பிரட்ட யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் கட்டிலுக்கு முன்னால் கிழமைக்கு இரண்டு இரவு வந்து நிற்கக்கூடிய ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய உதவி. அது படத்தில் வராது. உங்களுக்கு ஆட்களைத் தெரியாவிட்டால் மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இயங்கும் உயிரிழை அமைப்பிடம் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்களே நடத்துவது. எந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கட்டிலில் கிடப்பவருக்குத்தான் தெரியும். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய புனர்வாழ்வுப் பிரிவும் 2024 மே மாதம் திறக்கப்பட்டது. வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவர்களை ஒருதரம் அங்கே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் கழித்துத் திறந்தது பற்றி எனக்குக் கோபம் உண்டு, அதை வேறொரு பதிவில் எழுதுகிறேன்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் "பரவாயில்லை சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டான். அதிபரோடு பேசி, அந்த வகுப்பின் வரலாற்றுப் பாடத்தை நாலாவதுக்கு மாற்றினோம். தவறவிட்டதை இடைவேளையில் படிக்கிறான், கெட்டிக்காரன். புத்தளத்தில் என்னோடு படித்த இரண்டு பேர் கட்டிலுக்குப் பற்றரி எடுக்கக் காசு தந்தார்கள். பற்றரி போன கிழமை வந்தது. பூட்டுவதற்கு வவுனியாவிலிருந்து ஆள் வர வேண்டும். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.